ஒளு கூடும், குடிக்கலாமா? – செம்பரம்பாக்கம் ஏரியும் அழியாத ரசாயனங்களும்

சென்னையின் மேற்குப் பகுதியில் வாழும் நமக்கு செம்பரம்பாக்கம் ஏரி புதிதல்ல. பூந்தமல்லியைத் தாண்டினால் அதன் கரை தெரியும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்த ஏரிதான் சென்னையின் முக்கியமான குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2024-இல் அது வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பக்கிங்காம் கால்வாய், அடையாறு, செம்பரம்பாக்கம் ஏரி, பெருங்குடி குப்பைமேட்டை ஒட்டிய நிலத்தடி நீர் ஆகியவற்றில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அழியாத ரசாயனங்கள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் செய்தியைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இப்படியொரு செய்தி வந்தால் நம் மக்கள் முதலில் கேட்கும் கேள்வி, "ஹஜ்ரத், அந்தத் தண்ணீரில் ஒளு செய்தால் கூடுமா?" என்பதுதான். நல்ல கேள்வி, தொழுகையின் மீதுள்ள அக்கறையிலிருந்து வருவது. பதிலும் எளிது: கூடும். ஆனால் அதைவிடக் கனமான இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாமா, அதில் உள்ளது உடலை என்ன செய்யும், அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்? இதை நம்மில் மிகச் சிலரே கேட்கிறோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

சுத்தம் வேறு, தீங்கின்மை வேறு

மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம் தொடங்குவதே தண்ணீரிலிருந்துதான். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து அளவு, அதாவது சுமார் 200 லிட்டர் தண்ணீர் இருந்தால், அதில் நஜீஸ் விழுந்தாலும் நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று மாறாதவரை அது சுத்தமானதே. ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள நீர்நிலை என்ற அளவு உண்டு. நம் பழைய பள்ளிவாசல்களின் ஹவுள்கள் அந்தக் கணக்கில்தான் கட்டப்பட்டன. பிஎஃப்ஏஎஸ் நஜீஸும் அல்ல. அது தண்ணீரின் நிறத்தையோ சுவையையோ வாடையையோ மாற்றுவதுமில்லை. ஆகவே ஒளு, குளிப்பு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் "சுத்தமானது" என்று ஃபிக்ஹு சொல்வதை "தீங்கற்றது" என்று நாம் புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். இந்த வேறுபாட்டை நம் இமாம்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் "மாஉ முஷம்மஸ்" என்றொரு பாடம் உண்டு. வெப்ப நாட்டில் இரும்பு, செம்பு போன்ற உலோகப் பாத்திரத்தில் வைத்து வெயிலில் சூடான தண்ணீர் அது. அது சுத்தமானது, சுத்தப்படுத்தவும் கூடியது. ஆயினும் உடலில் பயன்படுத்துவது மக்ரூஹ் என்றார்கள். ஏன்? வெயிலின் சூட்டில் உலோகத்திலிருந்து ஏதோ ஒன்று பிரிந்து தண்ணீரில் கலக்கிறது, அது தோல்நோயை உண்டாக்கலாம் என்ற அச்சம். மண்பாண்டத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே, மருத்துவக் காரணத்துக்காக மட்டுமே தாம் இதை வெறுப்பதாகத் தெளிவுபடுத்தினார்கள்.

இந்தச் சட்டத்தின் மறுபக்கமும் முக்கியம். இமாம் நவவி (ரஹ்) தம் அல்மஜ்மூஃ நூலில் இது மக்ரூஹ் என்பதை ஏற்கவில்லை. இதற்கான ஹதீஸ் பலவீனமானது, மருத்துவர்களிடமும் உறுதியான சான்று இல்லை என்பது அவர்களின் வாதம். இருவரும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள். தீங்கு உண்டா இல்லையா என்பதை அந்தத் துறையின் அறிஞர்கள் சொல்ல வேண்டும். சான்று இருந்தால் சட்டம் அதைப் பின்பற்றும். இன்று அந்தச் சான்று என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அழியாதது என்றால் என்ன?

நாம் கொட்டும் பெரும்பாலான கழிவுகள் வெயிலாலும் கிருமிகளாலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். சில ரசாயனங்கள் அப்படிச் சிதைவதில்லை. மண்ணிலும் நீரிலும் பல ஆண்டுகள் கிடக்கும். காற்றில் ஏறி நாடு விட்டு நாடு போகும். புல்லைத் தின்னும் மாட்டிலும் பாசியைத் தின்னும் மீனிலும் சேர்ந்து, அவற்றை உண்ணும் மனிதனிடம் வந்து குவியும். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள், பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பிசிபி, குப்பை எரியும்போது பிறக்கும் டையாக்ஸின் ஆகியவை இவ்வகை. இவை கொழுப்பில் தங்கும். பிஎஃப்ஏஎஸ் குடும்பம் சற்று வேறு. அது கொழுப்பைவிட ரத்தத்திலும் ஈரலிலும் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளும். அதன் சில வகைகள் உடலிலிருந்து பாதியளவு வெளியேறவே சில ஆண்டுகள் ஆகும்.

இவற்றைக் கட்டுப்படுத்த 2001 மே மாதம் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவானது. முதலில் 12 ரசாயனங்கள் அதில் இருந்தன. இந்தியா 2006 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. பிறகு பட்டியல் நீண்டது. பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் 2009-இலும் பிஎஃப்ஓஏ 2019-இலும் சேர்க்கப்பட்டன. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பூச்சுகள், மழை நனையாத துணிகள், எண்ணெய் ஊறாத உணவுத் தாள்கள், தீயணைப்பு நுரை, குரோம் முலாம் பூசும் தொட்டிகள் என இவற்றின் பயன்பாடு பரந்தது. தொழிற்பேட்டைகளுக்கு நடுவே வாழும் நமக்கு இந்தப் பட்டியலில் பல பழக்கமானவை.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் கவனியுங்கள். அமெரிக்கா 2024 ஏப்ரலில் குடிநீருக்கு நிர்ணயித்த வரம்பு, பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம். அதாவது ஒரு லட்சம் கோடி பங்கு தண்ணீரில் 4 பங்கு. நம் நாட்டின் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றுக்கென்று ஒரு வரம்பு இல்லை. வரம்பு இல்லாததால் வழக்கமான குடிநீர்ச் சோதனையில் இதைத் தேடுவதும் இல்லை.

ஹார்மோன் ஏமாறும் விதம்

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். நம் உடலின் ஹார்மோன்களும் அப்படித்தான், மிகமிகச் சிறிய அளவிலேயே வேலை செய்கின்றன. தைராய்டு, ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்றவை ரத்தத்தில் போகும் செய்திகள். எந்த உறுப்பு எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. சில ரசாயனங்கள் அந்தச் செய்தியைப் போலவே வேடம் போடும். சில, உண்மையான செய்தி போய்ச் சேராதபடி தடுக்கும்.

பிஸ்பினால் ஏ இதற்குத் தெளிவான உதாரணம். கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் இருப்பது. இது ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் என்பதை 1936-லேயே லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். ஹார்மோன் மருந்து தேடியபோது சோதிக்கப்பட்ட ஒரு பொருள், பின்னாளில் நம் சமையலறைப் பிளாஸ்டிக் ஆனது. அதே டாட்ஸ் குழு உருவாக்கிய டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1971-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் அதிர்ச்சியான உண்மையைக் கண்டார்கள். மருந்தைச் சாப்பிட்டவர் தாய். அரிய வகைப் புற்றுநோய் வந்தது, அப்போது வயிற்றில் இருந்த மகளுக்கு, இளம்பெண்ணாக வளர்ந்த பிறகு.

ஹார்மோனைக் குலைக்கும் ரசாயனங்களில் பெரிதும் அஞ்ச வேண்டியது இதுதான். அளவைவிடக் காலம் முக்கியம். பெரியவருக்கு ஒன்றும் செய்யாத அளவு, கருவில் மூளையும் உறுப்புகளும் உருவாகும் வாரங்களில் நிரந்தரமான தடத்தை விட்டுப் போகலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தயாரித்த 2012-ஆம் ஆண்டு அறிக்கை, ஹார்மோனைக் குலைப்பவை என்று தெரிந்த அல்லது சந்தேகிக்கப்படும் ரசாயனங்கள் ஏறத்தாழ 800 என்றது. அவற்றில் மிகச் சிலவே முறையாகச் சோதிக்கப்பட்டவை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஷரீஅத்தின் நோக்கங்களை ஐந்தாகத் தொகுத்தார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றைக் காத்தல். புற்றுநோய் உயிரைத் தொடுகிறது. கருவில் தைராய்டு குலைந்தால் அறிவு பாதிக்கப்படுகிறது. இனப்பெருக்க ஹார்மோன் குலைந்தால் சந்ததி. ஐந்தில் மூன்றைத் தொடும் ஒரு தீங்கை வெறும் "சுற்றுச்சூழல் செய்தி" என்று புரட்டிவிட்டுப் போக முடியாது.

மற்றவர்கள் கொடுத்த விலை

1968-இல் ஜப்பானிலும் 1979-இல் தைவானிலும் பிசிபி கலந்த தவிட்டு எண்ணெயில் சமைத்து உண்டவர்கள் நோயுற்றார்கள். தைவானில் அந்தத் தாய்மார்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைகளிடமும் வளர்ச்சிக் குறைபாடு காணப்பட்டது. எண்ணெயை நிறுத்தியாயிற்று; உடலில் தங்கியது போகவில்லை.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் ஊரில், ஒட்டாத பூச்சு தயாரித்த டூபாண்ட் ஆலையிலிருந்து பிஎஃப்ஓஏ குடிநீரில் கலந்தது. ராப் பிலட் என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கின் விளைவாகச் சுமார் 69,000 மக்களின் ரத்தமும் உடல்நிலையும் ஆராயப்பட்டன. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், பெருங்குடல் புண், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, அதிகக் கொழுப்பு என ஆறு நோய்களுடன் தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டென அறிவியலாளர் குழு முடிவுசெய்தது. 2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அந்த மக்கள் பல ஆண்டுகள் ஆலை நீரைக் குடித்தவர்கள். செம்பரம்பாக்கம் நீரைக் குடிப்பவருக்கெல்லாம் அதே நோய் வரும் என்று யாரும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். ஆனால் பொருள் எப்படிப்பட்டது என்பதற்கு இது சான்று.

நமக்கு அருகிலேயே கேரளத்தின் காசர்கோடு இருக்கிறது. அங்கே அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. கீழே கிணறுகள், வீடுகள், பள்ளிக்கூடங்கள். பல நோய்களும் பிறவிக் குறைபாடுகளும் கொண்ட குழந்தைகளின் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் தடைசெய்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. தெளிப்பு நின்று 17 ஆண்டுகள் கழித்து! பாதிக்கப்பட்ட தாய்மார்கள் விடாமல் தெருவில் நின்றதால்தான் அதுவும் கிடைத்தது.

எரியும் வயர், குப்பைமேட்டுப் பால்

நம் பகுதியில் பலருக்குக் காயலான் கடைதான் ரிஸ்கு. ஹலாலான, உழைப்பு மிகுந்த தொழில். பழைய பொருளை வீணாக்காமல் திரும்பப் பயனுக்குக் கொண்டுவருவதால் ஊருக்கும் நன்மை. ஆனால் செம்பு எடுப்பதற்காக வயரைக் கொளுத்தும் பழக்கம் இதில் சேர்ந்துவிட்டது. வயரின் மேலுறை பிவிசி. அதில் குளோரின் உண்டு. செம்புடன் சேர்ந்து அது எரியும்போது டையாக்ஸின் உருவாகிறது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் மின்னணுக் கழிவு பிரிக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும் மண்ணைச் சோதித்தவர்கள் பிசிபியும் டையாக்ஸினும் இருப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் எரிப்பவர்தான். அடுத்து அவருடைய வீட்டுக் குழந்தை.

தீங்கை நீக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. பொதுமக்களுக்கு வரும் தீங்கைத் தடுக்கத் தனிநபர் ஒரு நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கிளை. இங்கே நஷ்டமும் பெரிதல்ல. வயரை உரிக்கும் இயந்திரம் சந்தையில் கிடைக்கிறது. எரிக்காத செம்பு கருகாது, விலையும் கூடுதல். நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்கலாம். ஜமாஅத் அதற்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம்.

2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிய நாடுகளின் குப்பைமேடுகளை ஒட்டி வாழும் தாய்மார்களின் பாலில் டையாக்ஸின் அளக்கப்பட்டது. இந்தியாவில் அது உடலுக்குள் வரும் வழிகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் கருதியது, குப்பைமேட்டில் மேயும் மாடுகளின் பாலை. குப்பையை எரித்தால் புகை வானத்தோடு போய்விடுகிறது என்று நினைக்கிறோம். அது புல்லில் இறங்கி, பாலாகி, நம் டம்ளருக்கே திரும்பி வருகிறது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதனால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இந்த மாசுகள் இருந்தும் தாய்ப்பாலின் நன்மையே மேலோங்கி நிற்கிறது என்பதே மருத்துவ உலகின் நிலை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் குறிப்பிடும் முழுமையான பாலூட்டும் காலமும் இரண்டு ஆண்டுதான்.

நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும்

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பிஎஃப்ஏஎஸ் போகாது. புறஊதா விளக்கு மட்டும் உள்ள கருவியும் இதை நீக்காது. ஆர்ஓ கருவி பெரும்பகுதியை நீக்கும். கரி வடிகட்டியும் ஓரளவு நீக்கும், உரிய காலத்தில் மாற்றினால். ஏற்கெனவே ஆர்ஓ வைத்திருப்பவர்கள் அதன் வடிகட்டிகளைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். குடிப்பதற்கும் குழந்தையின் பால் கலக்குவதற்கும் சமையலுக்கும் அந்த நீர் போதும். மற்றவற்றுக்குக் குழாய்த் தண்ணீரே தாராளம்.

கேன் தண்ணீர் வாங்குவோர், கடை வாசலில் வெயிலில் அடுக்கிவைத்த கேனை ஏற்காதீர்கள். கீறல் விழுந்து மங்கிப்போன பழைய கேனையும் திருப்பிக் கொடுங்கள். சூடும் பழமையும் பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனம் கசிவதை அதிகமாக்கும். இமாம்கள் உலோகப் பாத்திரத்தில் கண்டு அஞ்சியது, பிளாஸ்டிக் விஷயத்தில் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் குழந்தைகளின் பால்புட்டியிலும், 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களிலும் பிஸ்பினால் ஏ-வைத் தடைசெய்ததற்குக் காரணம் அதுவே. பிள்ளையின் தண்ணீர்ப் புட்டி எவர்சில்வராக இருக்கட்டும்.

ரமளானில் நோன்புக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் வாளியிலும் கவரிலும் வாங்கிப் போவதைப் பார்க்கிறோம். நாளெல்லாம் நோன்பிருந்த உடலுக்கு முதல் உணவு அது. எவர்சில்வர் தூக்கில் மட்டுமே கஞ்சி ஊற்றப்படும் என்று பள்ளிவாசல் நிர்வாகம் முடிவெடுத்தால் ஒரே வாரத்தில் பழக்கம் மாறிவிடும். வலீமா விருந்தில் பிளாஸ்டிக் பூசிய தட்டு, கப், மேசை விரிப்பு எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவைதாம். வாழை இலைக்குத் திரும்புவது சட்டத்துக்கும் உடலுக்கும் நல்லது. அத்தரிலும் கவனம் தேவை. வாசனைப் பொருட்களைக் கரைக்கத் தாலேட் வகை ரசாயனம் பயன்படுத்தப்படுகிறது; மலிவான அத்தரைக் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பூசாதிருப்பது பேணுதல்.

இன்னொன்று. குழந்தை இல்லை என்று வரும் தம்பதியரில் பெண்ணை மட்டும் குற்றவாளியாக்குவது நம் குடும்பங்களில் இன்னும் நிற்கவில்லை. விந்தணுக் குறைவுக்குச் சில தாலேட்டுகளுடன் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வேறு காரணங்களும் பல உண்டு. எப்படியாயினும் இருவரும் மருத்துவரிடம் போக வேண்டும். மருமகளைக் குத்திப் பேசுவது மார்க்கமும் அல்ல, மருத்துவமும் அல்ல.

ஆர்ஓ வாங்க முடியாதவர்?

மேலே சொன்னவை எல்லாம் வசதி உள்ளவர் தம் வீட்டைக் காத்துக்கொள்ளும் வழிகள். தெருக் குழாயில் குடம் பிடிக்கும் குடும்பத்துக்கு இவை போதாது. தண்ணீர் பொதுச் சொத்து. அதன் பாதுகாப்பும் பொதுவாகவே தேடப்பட வேண்டும். நீர்நிலையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்தார்கள். ஒரு தனிமனிதன் செய்யும் அசுத்தத்துக்கே அவ்வளவு எச்சரிக்கை என்றால், ஓர் ஊரின் குடிநீரில் கலக்கும் கழிவைப் பற்றி மௌனமாக இருக்க முடியுமா?

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத்துகள் சேர்ந்து, குடிநீர் வாரியத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுக்கலாம். செம்பரம்பாக்கத்தின் ஏரி நீரிலும் சுத்திகரித்த நீரிலும் பிஎஃப்ஏஎஸ் அளவைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து, முடிவை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே கோரிக்கை. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இதுவரை நடந்த சோதனைகளின் முடிவைக் கேட்கலாம். மனுவில் பக்கத்துக் கோயில் நிர்வாகமும் தேவாலயமும் குடியிருப்போர் சங்கமும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. எல்லோரும் குடிப்பது ஒரே ஏரித் தண்ணீர்.

முத்தவல்லிமார்களே, அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இமாம்களே, ஒரு ஜும்ஆவில் ஒளுவின் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் பேசுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் தண்ணீரையும் எங்கள் சந்ததியையும் தீங்கிலிருந்து காப்பாயாக. அடுத்தவருக்குத் தீங்கு செய்வோராக எங்களை ஆக்கிவிடாதே. ஆமீன்.